எனக்கு மட்டும் மாற்று இல்லை

"எங்களிடம் இரண்டு இன்டர்நெட் லைன் இருக்கிறது, அதனால் பயமில்லை" என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது இரண்டும் எந்த ஓட்டை வழியாகக் கட்டிடத்துக்குள் வருகின்றன என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது. நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது கிழவனின் குதர்க்கமாகத் தெரியலாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. எந்த ஒன்று நின்றால் எல்லாமே நின்றுபோகுமோ, அதைத் தேடிப் பிடித்து அதற்கு ஒரு மாற்று வைப்பதுதான் நம் வேலையில் பாதி. அந்தப் பாதியில் நான் இரண்டு தடவை கோட்டை விட்டேன். கேபிள் இழுப்பதையும் சுவிட்ச் அமைப்பதையும் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். கோட்டை விட்டதை நான்தான் சொல்ல வேண்டும்.

சின்னமனூருக்கு வெளியே வாழைக்காய் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில், கட்டிடம் எழும்பிய நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை இருந்தேன். பெயர் எதற்கு? காலையில் தோட்டங்களிலிருந்து காய் வரும். எடைமேடையில் ஏறி, கழுவப்பட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கப்பட்டு, குளிர் அறையில் இருந்து, கண்டெய்னரில் ஏறி மதியம் இரண்டு மணிக்குத் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். எடைமேடை, குளிர் அறையின் வெப்பமானிகள், பில் போடும் கணினிகள் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. அதற்கு ஆள் நான் ஒருவன்தான்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். வாஸ்து விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்கமாட்டார். மின்சாரம் சம்பந்தப்பட்டதெல்லாம் அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்பதால் மெயின் போர்டு, பேட்டரி, சர்வர் எல்லாவற்றையும் தென்கிழக்கு மூலையில் ஒரே அறையில் அடைத்திருந்தோம். வேறொரு கம்பெனியிடம் இரண்டாவது லைன் வாங்கியபோது, அதைப் பின்பக்கச் சுவர் வழியாகக் கொண்டுவரலாம் என்றேன். பின்பக்கம் என்றால் தென்மேற்கு, கன்னி மூலை.

"கன்னி மூலையில ஓட்டையா? குடும்பத்துக்கே ஆகாதுய்யா. இருக்கிற ஓட்டையிலயே இன்னொரு வயரச் சொருக முடியாதா?" என்றார்.

முடியும் என்றுதான் சொன்னேன். அரை மணி நேரம் வாதாடிப் பார்த்துவிட்டு, கம்பெனி வேறுதானே, பரவாயில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டு கேபிளும் ரோட்டோரம் ஒரே பள்ளத்தில் வந்து ஒரே ஓட்டையில் நுழைந்தன. காகிதத்தில் இரண்டு லைன், நிஜத்தில் ஒன்று. முதலாளியைக் குற்றம் சொல்ல மாட்டேன். வாஸ்து அவர் நம்பிக்கை. ஆனால் கேபிள் என் தொழில்.

சாலையை அகலப்படுத்த வந்த ஜேசிபி ஒருநாள் காலை பதினொரு மணிக்கு ஒரே அள்ளலில் இரண்டையும் பிய்த்தது. அன்று கண்டெய்னர் பாதி ஏறியிருந்தது. சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்ட முடியாது. கப்பலுக்கு நேரமானால் அவ்வளவு காயும் உள்ளூர்ச் சந்தைக்குத்தான். நான் ரோட்டுக்கு ஓடினேன். ஜேசிபிக்காரரோடு மல்லுக்கு நின்றேன். இரண்டு லைன் கம்பெனிகளுக்கும் மாறி மாறிப் போன் போட்டுக் கத்தினேன். வெயிலில் பள்ளத்துக்குள் இறங்கி அறுந்த முனைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் போனது.

எடைமேடையில் பில் போடும் ஈஸ்வரி அங்கே வந்தார். குச்சனூர்க்காரர், முப்பது வயது இருக்கும், டிப்ளமா படித்தவர். பள்ளத்தின் மேலே நின்று என்னைப் பார்த்தார்.

"சார், என் போன்ல நெட்டு இருக்கு. அத ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டி பில்ல மட்டும் எடுத்துட்டா வண்டி போயிரும்ல? நீங்க லைனப் பொறவு பாருங்க."

நான் பள்ளத்திலிருந்து ஏறி வந்த வேகத்தை அந்த ஜேசிபிக்காரர் இன்னும் மறந்திருக்கமாட்டார். இருபது நிமிஷத்தில் பில் வந்தது, வண்டி கிளம்பியது. லைன் மறுநாள்தான் சரியானது. நெட்வொர்க் அறுந்ததும் நான் நெட்வொர்க்கை மட்டுமே பார்த்தேன். அந்தப் பெண் வண்டியைப் பார்த்தார். நெருக்கடியில் முதலில் வண்டியை அனுப்ப வழி தேடுங்கள், அறுந்ததைப் பிறகு ஒட்டலாம். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னைவிட இருபத்தைந்து வயது சிறியவர் என்பதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

அந்த வாரமே ஈஸ்வரியை எனக்கு உதவியாளராகக் கேட்டு வாங்கினேன். இரண்டாவது லைனைத் தரைவழியாக வேண்டாம் என்று சொல்லி, மொட்டை மாடியில் ஒரு டிஷ் வைத்துக் காற்றுவழியாக வாங்கி, நேராகக் கூரையிலிருந்து அறைக்குள் இறக்கினேன். முதலாளி அண்ணாந்து பார்த்தார். "வானத்துலருந்து வர்றதுக்கு மூலை ஏதுய்யா" என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. ரூட்டர் இரண்டு, சுவிட்ச் இரண்டு, பேட்டரி இரண்டு வரிசை என்று வாங்கி அடுக்கினேன். பேட்டரியில் ஒரு வரிசையை அந்த அறையிலிருந்து பிரித்து வெளியே கொண்டுவர ஒரு மாதம் முதலாளியோடு சண்டை போட்டேன், ஜெயித்தேன். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை அழைத்துவந்து, "எங்க கம்பெனியில எல்லாத்துக்கும் மாத்து இருக்கு" என்று முதலாளி காட்டுவார். நான் பக்கத்தில் மீசையைத் தடவிக்கொண்டு நிற்பேன். இப்படி மூன்று வருஷம் ஓடியது.

ஒருநாள் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஒரு இறுக்கம். தேனியில் பார்த்தவர்கள் மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரை டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார்.

"மூணு எடத்துல அடைப்பு. இப்போதைக்கு ஒரே ஒரு குழாய்தான் மொத்தப் பாரத்தையும் தாங்குது. அதுவும் போச்சுன்னா வேற வழி கெடையாது. பைபாஸ் பண்ணணும்."

எனக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் வாயில் வந்தது வேறு. "சீசன் முடியட்டும் சார். ஒரு ரெண்டு மாசம். அங்கன என்னைய விட்டா ஆளில்ல."

"ஒரு மாசம். அதுக்கு மேல தள்ளுனா நான் பொறுப்பில்ல" என்றார் அவர்.

திரும்பி வரும் பேருந்தில் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு வாங்கி வச்சிருக்கீகன்னு மொதலாளி வீட்டம்மா பெருமையாச் சொன்னாக. எனக்கு நீங்க ஒரு ஆளுதான்."

அன்று இரவு முழுக்க யோசித்தேன் என்றெல்லாம் கதை விடமாட்டேன். மாத்திரையின் தயவில் நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து ஒரு தாளை எடுத்து, நான் ஒரு மாதம் இல்லாவிட்டால் கம்பெனியில் எது எது நிற்கும் என்று எழுத ஆரம்பித்தேன். ரூட்டர் பாஸ்வேர்டு எனக்கு மட்டும் தெரியும். லைன் கம்பெனிக்காரர்கள் என் குரலுக்குத்தான் அசைவார்கள். குளிர் அறை வெப்பமானி ஒன்று மழைக்காலத்தில் மக்கர் பண்ணும், அதை எங்கே தட்டினால் சரியாகும் என்பது என் கைக்குத்தான் தெரியும். தாளில் இடம் போதவில்லை. இவ்வளவு மாற்று வாங்கி அடுக்கியவன், அத்தனையையும் ஒரே மனிதனின் மண்டைக்குள் கொண்டுபோய்ச் சொருகியிருந்தேன். அந்த மனிதனின் நெஞ்சில் மூன்று அடைப்பு.

இது மறதியால் நடந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. "அவுக வந்தாத்தான் ஆகும்" என்று ஆட்கள் சொல்வதைக் கேட்கும்போது ஒரு சுகம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தால், சத்தமாகப் பேசியபடி எழுந்து போவதில் ஒரு கெத்து. ஈஸ்வரி மூன்று வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தும் ரூட்டர் பாஸ்வேர்டை மட்டும் நான் சொல்லித் தரவில்லை. அவர் கேட்டபோதெல்லாம் "அப்புறம் பாப்போம்மா" என்றேன். இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனால் முடிவு எடுத்துவிட்டேன். நான்கு வாரம் இருக்கிறது. அதற்குள் இந்தக் கம்பெனிக்கு நான் தேவைப்படாதவனாக ஆகிவிட வேண்டும். ஆகாவிட்டால் ஆபரேஷனுக்குப் போனாலும் என் மனம் அங்கே படுக்காது.

முதல் வாரம் உட்கார்ந்து முப்பது பக்கம் எழுதினேன். ஈஸ்வரி புரட்டிப் பார்த்தார். "சார், இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள காயெல்லாம் பழுத்துரும். நான் செய்யிறேன், நீங்க பேசாம ஒக்காந்து பாருங்க. தப்பாப் போனா மட்டும் சொல்லுங்க."

பேசாமல் உட்காருவது இருக்கிறதே, அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. வாயைத் திறக்காமலிருக்க வெற்றிலை போட்டுக்கொண்டேன். டாக்டர் அதையும் நிறுத்தச் சொன்னதால் பிறகு வெறும் கிராம்பை மென்றேன். அவர் என்னைவிட மெதுவாகச் செய்தார். என் வழியில் செய்யவில்லை. ஆனால் செய்து முடித்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்வரை அது சோதனையே அல்ல என்று எனக்குப் பட்டது. நான் இல்லாத நாள் ஒன்று வேண்டும், அன்று நிஜமாகவே ஏதாவது நிற்க வேண்டும். ஆபரேஷன் விஷயத்தை முதலாளியிடமும் ஈஸ்வரியிடமும் சொல்லியிருந்தேன்; ஆனால் சோதனை என்று சொன்னால் முதலாளி விடமாட்டார். எனவே, "நேரம் சரியில்ல முதலாளி. மூணு சனிக்கெழமை குச்சனூருக்குப் போய்ச் சனீஸ்வரனக் கும்பிட்டு வர்றேன்" என்றேன். "தாராளமாப் போங்கய்யா. காக்காய்க்குச் சோறு வைக்க மறந்துறாதீக" என்று உடனே அனுமதி கொடுத்தார். பொய் இல்லை, கும்பிடத்தான் போனேன். மீதியைச் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மெயின் ரூட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அது செத்துப்போனதாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஈஸ்வரிக்கு ஒரு சீட்டு. அலமாரிச் சாவியை ஒட்டிய கவரில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்து, பன்னிரண்டரைக்கு முன்னால் யார் கேட்டாலும் கொடுக்காதே என்றேன். என் போனை மேஜை டிராயரில் போட்டேன். அன்று கண்டெய்னர் உள்ள நாள். கண்டெய்னர் இல்லாத நாளில் செய்வது விளையாட்டு என்பதால் வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். காய் மாட்டிக்கொண்டால் என் வேலை போகும், அதோடு ஈஸ்வரியின் வேலையும் போகும் என்பது தெரிந்தேதான் பஸ் ஏறினேன்.

குச்சனூரில் கூட்டம் அலைமோதியது. வரிசையில் நின்றேன், சாமி கும்பிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று நினைவில்லை. பதினொரு மணிக்குத் தாங்கமுடியாமல், எள் விளக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் போன் கேட்டேன்.

"வீட்டுல யாருக்கும் முடியலையா?" என்றார்.

"இல்லம்மா, ஆபீசுக்கு."

"சாமி கும்பிட வந்த எடத்துலயும் ஆபீசா? இந்தாங்க, பேசிட்டுக் குடுங்க."

பத்தில் எட்டு எண்களை அழுத்திவிட்டு நிறுத்தினேன். இப்போது பேசினால் ஈஸ்வரிக்கு இன்று ஒரு வழி கிடைக்கும், ஆபரேஷன் அன்று கிடைக்காது. அந்த அம்மாளிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான்கு விளக்கு வாங்கினேன். மணியைப் பார்ப்பதில்லை என்று பிடிவாதமாக மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணிக்குக் கம்பெனி வாசலில் இறங்கியபோது முதலாளி வராந்தாவில் நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏத்தா ஈஸ்வரி, கேக்கேன்ல? மெசினக் கழட்டுனது யாரு? நீ என்னமோ நோண்டித்தான் இப்பிடி ஆச்சுன்னு ஆளுக சொல்றாக. நாளையிலருந்து எடைமேடைக்கே போயிரு."

ஈஸ்வரி சீட்டைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. என்னை மாட்டிவிடக்கூடாது என்று அதை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"கழட்டுனது நான்தான் முதலாளி" என்றேன்.

அவர் திரும்பினார். நான் நிறுத்தவில்லை. "அடுத்த மாசம் இந்நேரம் நான் மயக்கத்துல கெடப்பேன். அன்னைக்கு அது தானாக் கழண்டா யாரக் கேப்பீக? என்னையக் கூப்புட முடியாது. இந்தப் புள்ளைதான் நிக்கும். அது நிக்குமான்னு இன்னைக்கே பாத்துட்டேன். கோவம்னா என்னையத் திட்டுங்க, அந்தப் புள்ளைய எடைமேடைக்கு அனுப்பாதீக."

முதலாளி வாசலை எட்டிப் பார்த்தார். "வண்டி கெளம்பிருச்சா?" என்று ஈஸ்வரியைக் கேட்டார்.

"பன்னெண்டே முக்காலுக்கே போயிருச்சு மொதலாளி. பில்ல மொதல்ல போன்ல எடுத்துட்டேன்."

"பொறவு என்ன, போங்க, வேலையப் பாருங்க. ஆபரேசனுக்கு முன்னாடி மயக்கம் கியக்கம்னு அபசகுனமாப் பேசாதய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் போனதும் ஈஸ்வரி என் பக்கம் திரும்பினார். அவ்வளவு கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மாற்று ரூட்டரில் நான் எப்போதோ மாற்றிய பாஸ்வேர்டை அந்த முப்பது பக்கத்தில் எழுதவேயில்லை. லைன் கம்பெனிக்குப் போன் போட்டால், நான் பேசினால்தான் உதவ முடியும் என்றிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் அந்த ரூட்டரை அடியோடு அழித்து, என் பக்கங்களைப் பார்த்து முதலிலிருந்து கட்டியிருக்கிறார். சாவிக் கவரைத் தொடவே இல்லை.

"முப்பது பக்கம் எழுதுனீக சார். எழுதாம விட்டது ஒத்த வரி. அதுக்கு ரெண்டே முக்கா மணி நேரம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

என்னால் மன்னிப்பு மட்டும்தான் கேட்க முடிந்தது. கேட்டேன். அன்று மாலையே இரண்டு லைன் கம்பெனிகளிலும் ஈஸ்வரியின் பெயரையும் எண்ணையும் முதலாவதாகப் பதிவு செய்தோம், என்னுடையது இரண்டாவது. பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு கவரில் எழுதி முதலாளியின் பீரோவில் வைத்தோம். அவர் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். நான் தடுக்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை சுவிட்சைப் பிடுங்கிவிட்டுப் போனேன். முக்கால் மணி நேரத்தில் முடித்திருந்தார். மூன்றாவது சனிக்கிழமையும் ஒன்றைப் பிடுங்கிவிட்டுப் போய், நான் திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று யாரும் பேசவே இல்லை. நானாகக் கேட்டேன். "எது சார்? ஓ, அதுவா" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால் அந்த வலி இரண்டு நாள் இருந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து ஆறாவது நாள் வார்டுக்கு மாற்றினார்கள். மனைவி வராந்தாவுக்குப் போன நேரத்தில் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தேன். சும்மா, எல்லாம் ஓடுகிறதா என்று உள்ளே நுழைந்து ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றுதான். பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு. மருந்து மயக்கத்தில் மறந்துவிட்டேனோ என்று பயந்து ஈஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"சார்! எப்பிடி இருக்கீக? வலி இருக்கா?"

"அத விடு. அங்கன எப்பிடி?"

"நீங்க தியேட்டருக்குள்ள இருந்த அன்னைக்கு இடி விழுந்து ஒரு சுவிட்ச் எரிஞ்சு போச்சு சார். மாத்திட்டேன். வண்டி ரெண்டு மணிக்குக் கெளம்பிருச்சு."

தலையணையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பிறகு, "பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்குதேம்மா" என்றேன்.

"மாத்திட்டேன் சார். நீங்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன அன்னைக்கே மாத்திட்டேன். கட்டிலோட கெடந்துக்கிட்டு உள்ள வந்து பாப்பீகன்னு எனக்குத் தெரியாதா? மொதலாளி பீரோவுல இருக்கிறதும் புதுசுதான்."

"சரி, புதுச சொல்லு."

"சொல்ல மாட்டேன் சார்."

"ஈஸ்வரி, நான் கேக்கேன்."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன். அக்காகிட்டப் போனக் குடுங்க."

மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வந்து போனை வாங்கினாள். இரண்டு பேரும் என்னைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினார்கள், நடுநடுவே சிரித்தார்கள். தையல் போட்ட நெஞ்சோடு சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் இரண்டையும் செய்தேன்.